கல்வெட்டில் ஏறிய திதி

அம்மம்மா இறந்த நேரம் பிற்பகல் மூன்று இருபது என்று நான் சொன்னேன். மூன்றரை என்று சொல்லவில்லை. மூன்று மணி இருக்கும் என்றும் சொல்லவில்லை. அப்போது நான் கிளிநொச்சியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். முழு எண்ணைவிட உடைந்த எண்ணை ஆட்கள் சீக்கிரம் நம்புவார்கள் என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கண்டுகொண்டிருந்தேன். அம்மாவும் நம்பினார்.

அது சமாதான காலம். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் இறங்கி, ஒழுங்கையால் அரை மைல் நடந்தால் எங்கள் வீடு. அப்பா இல்லை. மாமா, அதாவது அம்மாவின் ஒரே அண்ணன், கனடாவில். வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் மட்டும். நான் இரண்டு கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வருவேன். அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகியிருந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தாலும் அறிவு மங்கவில்லை. போகிற வருகிற ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று தன் கட்டிலை ஒழுங்கைப் பக்க யன்னலோடு போடச் சொல்லியிருந்தார்.

நான் வந்தால் பையைக் கீழே வைக்கும் முன்னமே கேட்பார்.

"ஆர் ஆர் போயிட்டினம்?"

மரண அறிவித்தல்களைத்தான் கேட்கிறார். நான் கட்டிலடியில் இருந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன்.

"எழுபத்தெட்டோ? விசர்க் கதை. அவள் எனக்கு ரெண்டு வகுப்பு மேலை படிச்சவள். செத்த பிறகும் வயசைக் குறைக்கிறாளவை."

"அது பிள்ளையள் குடுத்த வயசு அம்மம்மா."

"குடுத்தா அப்பிடியே போடுறதோ? நீ ஒரு சொல்லுக் கேக்கமாட்டியோ? பிறகென்னத்துக்கு உனக்கு அங்கை ஒரு மேசையும் கதிரையும்?"

எங்கள் அலுவலகத்தில் செய்திகளைச் சரிபார்க்க ஆள் இருந்தார். மரண அறிவித்தல்களைச் சரிபார்க்க யாரும் இல்லை. அந்த வேலையை இரண்டு கிழமை பிந்தியானாலும் அம்மம்மா ஒருவர்தான் செய்துகொண்டிருந்தார்.

நாள் விடயத்தில் அவர் இன்னும் கடுமை. அம்மப்பா வயலில் பாம்பு கடித்து இறந்தவர். அவருடைய திவசத்துக்கு ஒரு வருடம் ஐயர் திதியை ஒரு நாள் பிந்திச் சொல்லிவிட்டார் என்று சந்தேகம் வந்து, அம்மம்மா முள்ளியவளை வரை நடந்துபோய் வேறு ஐயரின் பஞ்சாங்கத்தைப் பார்த்து வந்திருக்கிறார். சந்தேகம் சரியாகவே இருந்தது. "நாள் பிழைச்சா அந்த மனுசன் படலையிலை வந்து நிண்டு, அடுப்பு எரியேல்லை எண்டு பாத்திட்டுப் பசியோடை போகும்" என்பார். கதையாகச் சொல்வதில்லை. பஸ் தவறினால் அடுத்த பஸ் நாளைக்குத்தான் என்கிற மாதிரிச் சொல்வார்.

அந்த ஆவணி மாதப் பகலில் புதுக்குடியிருப்பில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். எட்டு மாதத்தில் அம்மா வீட்டை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். ஊதாப் பட்டுச் சேலை உடுத்திருந்தார். அம்மம்மாவுக்குக் கஞ்சி பருக்கி, வாய் துடைத்து, தண்ணீர்க் கூசாவை அறை மூலையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நாலு மணிக்குள்ளை வந்திடுவன். பக்கத்திலை இரு. எழுத்திலை தலையைக் குடுத்திடாதை."

"நீங்கள் சந்தோசமாப் போயிட்டு வாங்கோ."

"பலகாரம் கொண்டு வா" என்று கட்டிலில் இருந்து அம்மம்மா சொன்னார். "பயத்தம் பணியாரம். கல்லுமாதிரி இருந்தா வேண்டாம்."

நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் குளக்கட்டு உடைந்ததைப் பற்றி நான் எடுத்த பேட்டி ஒலிநாடாவில் இருந்தது. திங்கட்கிழமை பக்கத்துக்கு அது வேண்டும். முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, காதில் வயரைச் செருகினேன். அதற்குமுன் உள்ளேயிருந்து அம்மம்மா, "மழை வருதோ?" என்று கேட்டார். வானத்தில் முகில் இல்லை. "இல்லை அம்மம்மா" என்றேன். அப்போது நேரம் ஒன்றரை.

அந்த விவசாயி பல்லில்லாதவர். ஒவ்வொரு வசனத்தையும் மூன்று நான்கு தரம் பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டியிருந்தது. கதிரையிலிருந்து அம்மம்மாவின் கட்டில் பதினைந்து அடி இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது.

நாடா முடிந்ததும் வயரைக் கழற்றி நேரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. உள்ளே போனேன்.

கண்டவற்றைக் கண்ட ஒழுங்கிலேயே எழுதுகிறேன். முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கழுத்தும் சட்டையின் முன்பக்கமும் ஈரமாக இருந்தன. யன்னலின் வெளிக்கட்டில் ஒரு அலுமினியக் கோப்பை, அடியில் ஒரு விரல் தண்ணீர். இடது கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கூசா மூலையில் மூடியபடி இருந்தது. அவரால் எட்ட முடியாத தூரம். கோப்பை எப்படி யன்னலுக்கு வந்தது என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்குச் சற்று முன் படலை திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா பலகாரப் பொதியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பொதியை விறாந்தையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். நான் பின்னால் போனேன். அம்மா கட்டிலடியில் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"எப்ப?"

"மூண்டு இருபதுக்கு."

"நீ பக்கத்திலையோ இருந்தனி?"

"ஓம்."

"தண்ணி?"

கோப்பை என் கண்ணில் பட்டது. "குடுத்தனான். ரெண்டு மிடறு குடிச்சவா."

அம்மா பட்டுச் சேலையோடு நிலத்தில் இருந்தார். "அந்த ரெண்டு மிடறு காணும்," என்றார். "அது காணும்." பிறகுதான் அழுதார்.

அந்தச் சேலையைப் பார்த்ததால்தான் பொய் சொன்னேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டார் என்றால், கலியாணத்துக்குப் போனதை அம்மா ஆயுள் முழுக்கச் சுமப்பார். அது உண்மை. பதினைந்து அடியில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்பதும் உண்மை.

மாலையில் ஐயர் வந்தார். பொலித்தீன் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, நேரத்தை என்னிடம் கேட்டார். சொன்னேன். விரலை வரி வழியே ஓட்டினார்.

"தசமி ரெண்டு நாப்பத்தேழோடை முடியுது. மூண்டு இருபதெண்டா ஏகாதசி. நல்ல நாள்."

செத்த வீட்டில் இருந்த பெண்களிடம் அந்தச் சொல் உடனே போய்ச் சேர்ந்தது. ஏகாதசியில் உயிர் போவது பெரிய பாக்கியம் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள்.

"எட்டு மாசம் கிடந்தாலும் நாளைப் பாத்தெல்லோ போயிருக்கிறா. குடுத்து வைச்ச மனுசி."

"மேலை போயும் ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டுதான் முதல் கேப்பா" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் முகம் இளகியது அந்த ஒரு தரந்தான்.

நான் முற்றத்தில் நின்று கணக்குப் பார்த்தேன். இரண்டு நாற்பத்தேழுக்கும் மூன்று இருபதுக்கும் இடையில் முப்பத்துமூன்று நிமிடம். ஆவணி வெயிலில் முப்பத்துமூன்று நிமிடத்தில் ஒரு கை அவ்வளவு குளிருமா? பிறகு கிளிநொச்சியில் ஒரு வைத்தியரிடம், கட்டுரை ஒன்றுக்கு என்று சொல்லி, அதைக் கேட்டேன். மெலிந்த வயோதிபரின் கை உயிரோடு இருக்கும்போதே குளிர்ந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

மாமா வர முடியாததால் கொள்ளி வைத்தது நான். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. இறந்தவரின் பிறப்பும் சுற்றமும் சீரும் சொல்லி, அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. முதல் பக்கத்தில் திதி வெண்பா. இளைப்பாறிய தமிழ் வாத்தியார் ஒருவர், ஆவணித் தேய்பிறை ஏகாதசியை நாலு வரிக்குள் அழகாக இறக்கித் தந்தார். கிளிநொச்சியில் அச்சடித்தோம். மூன்று தரம் ஒப்புநோக்கினேன். வாத்தியார் பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துப் பிழையும் இல்லைத் தம்பி" என்று என் முதுகில் தட்டினார்.

முதலாம் வருடத் திவசம் ஏகாதசியில் நடந்தது. நான்தான் செய்தேன். அம்மா முருங்கையிலை வறையும் பாகற்காய்க் குழம்பும் வைத்திருந்தார். கனடாவில் மாமாவும் அதே திதியில் கோயிலில் செய்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

ஆனால் அதற்கு முதல் நாள், தசமியன்று, கிளிநொச்சி அலுவலகத்தில் என்னால் ஒரு பக்கத்தையும் பார்க்க முடியவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து வெளியே போய் வீதியில் நின்றேன். ஆவி, பேய் எதையும் நான் நம்புகிறவன் அல்ல. எங்கள் வீட்டு அடுப்பில் அன்றைக்கு அவருக்கென்று ஒன்றும் வேகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்த செய்தி. அந்தச் செய்தி வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டாம் வருடம் ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனேன். "என்ன அதிசயம்?" என்றார் அம்மா. அவர் கடைக்குப் போன நேரத்தில் யன்னல் அறையில் இருந்தேன். கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் படலையின் மேல் பாதி தெரியும். இரண்டரைக்கு அது அரை அடி உள்ளே திறந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒழுங்கையில் ஆளில்லை, ஆடில்லை, காற்றும் இல்லை. கம்பிக் கொழுக்கியை மாட்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தபோது கொழுக்கி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கொழுக்கி. நான் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். இரண்டாம் தரம் எழுந்து போகவில்லை.

அடுத்த நாள் ஏகாதசித் திவசம் முடித்து, மறுநாள் கிளிநொச்சி பஸ்சுக்காகப் புதுக்குடியிருப்புச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோதுதான் அந்த நானாவைக் கண்டேன். தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி, ஊரில் எல்லாருக்கும் நானா. தொண்ணூறில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக வேண்டி வந்து, சமாதானத்தோடு திரும்பியவர். சைக்கிள் கரியரில் துணி மூட்டை கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக விற்பார். எங்கள் வீட்டுக்கும் அவருடைய வாப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"என்ன தம்பி, பேப்பர்காரர். உங்கட பேப்பர் நல்ல பேப்பர். சீத்தைத் துணி சுத்தினா கிழியாது."

"வாசிக்கிறேல்லையோ நானா?"

"சுத்தேக்கை வாசிப்பன். அரைவாசிச் செய்தி உள்ளுக்கை போயிடும். மிச்சத்தை வாங்கிற பொம்பிளையள் வாசிக்கட்டும்." தேநீரை ஊதிக் குடித்தார். "ஆச்சியின்ரை வருசம் முடிஞ்சுதாமே. வரத்தான் யோசிச்சனான். நான் குடுத்த தண்ணியை நீங்கள் ஏதும் பிழையா நினைச்சிருப்பியளோ எண்டு பேசாமல் இருந்திட்டன்."

நான் கிளாசைக் கீழே வைத்தேன். "என்ன தண்ணி நானா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சொல்லத் தொடங்கியதை விட முடியாமல், மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். யன்னலுக்குள்ளிருந்து அம்மம்மா கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறார். "நீங்கள் கதிரையிலை இருந்தனீங்கள் தம்பி. காதிலை வயர். ரெண்டுதரம் கையைத் தட்டினனான். குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தனீங்கள்." கிணற்றடியில் இருந்த கோப்பையில் தண்ணீர் அள்ளி, யன்னல் கம்பிக்கிடையால் கையை விட்டு வாயில் பிடித்திருக்கிறார். "ரெண்டு மிடறுதான் உள்ளை போச்சு. மிச்சம் கழுத்தாலை ஓடிட்டுது."

இரண்டு மிடறு. நான் அம்மாவிடம் சொன்ன அதே அளவு.

"எத்தினை மணி இருக்கும் நானா?"

"மணி பாக்கேல்லை. லுஹர் தொழுதிட்டுச் சோறு தின்னிட்டு வெளிக்கிட்டனான். ரெண்டு… ரெண்டேகால்."

"பிறகு?"

"பிறகு…" என்றார். கிளாசுக்குள் பார்த்தார். "பிறகு நான் போயிட்டன் தம்பி."

பேட்டி எடுக்கிறவர்களுக்கு அந்த இடைவெளி தெரியும். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வசனம் இருக்கும். ஒன்றும் பேசாமல் இருந்தால் அது தானாக வெளியே வரும். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எழுந்து, "பஸ் வந்திடும் நானா" என்றேன்.

பஸ்சில் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். இரண்டேகாலுக்கு அம்மம்மா உயிரோடு இருந்திருக்கிறார். மூன்று இருபதுக்கு இல்லை. தசமி முடிந்த நேரம் அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தின் நடுவில் விழுகிறது. அறிந்ததால் எதுவும் தீரவில்லை. ஆனால் தண்ணீர் கொடுத்தவர் வேறொருவர் என்று தெரிந்த பின் அம்மாவின் முன் சும்மா இருக்க முடியாது.

அம்மா குசினியில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"பஸ் விட்டிட்டியோ?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிநாடா, வயர், கோப்பை, நானா. அம்மா திருவுவதை நிறுத்தவில்லை. பாதித் தேங்காய் முடிந்து சிரட்டை தெரியத் தொடங்கியதும் நிறுத்தினார்.

"அப்ப ஏகாதசி?"

"தெரியாதம்மா."

"தெரியாதெண்டா? ரெண்டு வருசம் சமைச்சு வைச்சிருக்கிறன். ஊரெல்லாம் குடுத்து வைச்சவா எண்டுதுகள். அண்ணைக்கும் அதுதான் நாள். இப்ப வந்து தெரியாதெண்டுறாய்."

"நான் பயந்திட்டன்."

"பயந்தா தெரியாதெண்டு சொல்லு. மணிக்கணக்கு ஏன் சொன்னனி?"

அம்மா சிரட்டையைத் தட்டி வைத்தார். "அந்தாள் இருந்திராட்டி என்ரை அம்மா நாக்கு வறண்டு போயிருப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை தண்ணீரூற்றுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எரிபொருள் கிடைக்காத காலம். சைக்கிள் கரியரில் அம்மாவை ஏற்றி மிதித்தேன். நானாவின் வீடு பாதிதான் எழும்பியிருந்தது. அவருடைய மனைவி வாசலுக்கு வந்து, "வாங்கக்கா, உள்ளுக்கு வாங்க" என்றார். அம்மா செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

"நீ வெளியிலை நில்."

"அம்மா, எனக்கு…"

"நானா, நீங்கள் வாங்கோ. அவன் நிக்கட்டும்."

கதவுச் சீலை விழுந்தது. நான் நானாவின் சைக்கிளடியில் நின்றேன். மூட்டை இன்னும் கட்டப்படாமல் இருந்தது. எங்கள் பத்திரிகையின் பழைய தாள் ஒன்று சீத்தைத் துணியின் மேல் மடிந்து கிடந்தது. உள்ளே அம்மாவின் குரல் இடைக்கிடை கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. கேட்பது, நிறுத்துவது, நீண்ட நேரம் சும்மா இருப்பது. நான் சந்திக் கடையில் செய்யாததை அம்மா அங்கே செய்துகொண்டிருந்தார். நானாவின் குரல் மிகவும் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் உடைந்தது. அவர் மனைவி ஏதோ சொன்னார். முக்கால் மணித்தியாலம் சென்றது.

அம்மா வெளியே வந்தபோது கண் காய்ந்திருந்தது. நானா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதி வழியில், வயல் ஓரத்தில், கரியரிலிருந்து அம்மா சொன்னார்.

"தசமி."

சைக்கிளை நிறுத்தினேன். "எப்பிடித் தெரியும்?"

"தெரியும். இனித் தசமியிலைதான்."

"என்ன சொன்னவர்? திரும்பி வந்து பாத்தவரோ? அம்மம்மா ஏதும் சொன்னவாவோ?"

"உனக்குச் சொல்லமாட்டன். மிதி."

அவர் என்ன கேட்டார், நானா என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊகங்கள் இருக்கின்றன. நானா திரும்பும் வழியில் மீண்டும் யன்னலால் எட்டிப் பார்த்திருக்கலாம். அல்லது போகாமலே அங்கே நின்றிருக்கலாம். அம்மம்மா என்னைக் கூப்பிட்டிருக்கலாம், எத்தனை தரம் என்று நானா எண்ணியிருக்கலாம். ஊகங்களைச் செய்தியாகப் போடக்கூடாது.

திதி மாறியதை ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா ஒரே சொல்லில் முடித்தார்: அச்சுப் பிழை. மாமா தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது.

"வெண்பாவிலையே ஏகாதசி எண்டு கிடக்குது! வெண்பாவிலையும் அச்சுப் பிழையோ?"

"ஓம் அண்ணை. பிழைதான். நீங்கள் தசமியிலை செய்யுங்கோ."

அம்மா ஒரு சிவப்புப் பேனாவோடு வீடு வீடாகப் போய், கல்வெட்டை எடுத்துத் தரச் சொல்லி, ஏகாதசியை வெட்டித் தசமி என்று எழுதினார். தமிழ் வாத்தியார் தன் வெண்பாவின் தளை கெட்டுவிட்டது என்று ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் விடவில்லை.

"பேப்பர்க் கந்தோரிலை இருக்கிறாய். சொந்த அம்மம்மான்ரை நாளைப் பாத்துப் போடத் தெரியாதோ? அவா இருந்தா உன்ரை காதை முறுக்கியிருப்பா."

"பிழைதான் மாமி" என்றேன். வேறு எதுவும் சொல்ல அம்மா இடம் வைக்கவில்லை.

மூன்றாம் வருடம் தசமியில் செய்தோம். அப்போது எங்கள் வளவுக்குள் இடம்பெயர்ந்து வந்த நாலு குடும்பம் கொட்டில் போட்டிருந்தன. நானா குடும்பம் மறுபடி புத்தளப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அம்மா இலையைப் போட்டுவிட்டு யன்னல் அறைக்குள் தனியே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, கொட்டில்களுக்குச் சோறு பரிமாறினார். அந்த வீட்டில் நாங்கள் செய்த கடைசித் திவசம் அது.

அடுத்த ஆவணி வருவதற்குள் நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வவுனியாவில் ஒரு முகாமின் கூடாரத்தில் இருந்தோம். தசமி என்றைக்கு என்று பார்க்க அம்மா ஒரு பஞ்சாங்கம் கேட்டார். வெளியிலிருந்து பார்க்க வந்த ஒரு சொந்தக்காரர் கம்பி வேலிக்கு மேலால் நீட்டினார். முகாமில் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது, அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு பேப்பர்காரர் இருக்கிறார் என்பது இரண்டு நாளில் பரவிவிட்டது. காலையில் தண்ணீர் பவுசர் வண்டி போன பிறகு ஆட்கள் வருவார்கள். நாளைச் சொல்வார்கள். நான் திதியைப் பார்த்துச் சொல்வேன். பலருக்கு நாளே தெரியாது. "ரெண்டு நாள் மழை பெய்ததே, அதுக்கு முதல் நாள்" என்பார்கள். மழையிலிருந்து எண்ணி நாளைப் பிடிப்போம்.

ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் குழந்தை. கணவன் இறந்த நாளைத் தெளிவாகச் சொன்னார். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பன்னிரண்டு மணி சொச்சத்தில் திதி மாறுகிறது.

"எத்தினை மணிக்கு அக்கா?"

"மத்தியானம் எண்டு நினைக்கிறன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போயிட்டன். அவர் பின்னுக்கு வந்தவர்."

"மத்தியானத்துக்கு முன்னமோ பின்னமோ?"

"தெரியாதண்ணை. நீங்கள் சொல்லுங்கோ."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடாரத்துக்குள்ளிருந்து அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எண் சொல்வது மிகவும் சுலபம்.

"எனக்குத் தெரியாதக்கா" என்றேன். "ரெண்டு திதி வருது. எது எண்டு என்னாலை சொல்லேலாது."

அவர் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார்.

பின்னேரம் அவர் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு வயோதிபர் இருக்கிறாராம். அந்த வழியால் அன்றைக்கு அவரும் வந்தவராம். கணவனைக் கண்டதாகவும் நேரம் பார்த்ததாகவும் சொன்னாராம். அந்த வயோதிபரை எனக்குத் தெரியும். அவரிடம் மணிக்கூடு இல்லை.

"எனக்கு எழுதத் தெரியும், ஆனா எழுத்து வடிவில்லை. பிள்ளை வளந்தாப் பிறகு பாக்கவேணும். நீங்கள் எழுதித் தாங்கோ அண்ணை."

நிவாரண அட்டையின் பின்பக்கத்தை நீட்டினார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, "எழுதிக் குடு" என்றார்.

பேரை எழுதினேன். மாதத்தை எழுதினேன். "என்ன நேரம் சொன்னவர்?" என்று கேட்டேன்.

"பன்ரெண்டு பத்து."

பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த நேரத்துக்கு உரிய திதியைப் பார்த்து, எழுத்து நீண்ட நாளுக்கு அழியாதபடி பேனாவை அழுத்திப் பிடித்து எழுதிக் கொடுத்தேன்.